புழு உணரவில்லையா, அசைய முடியவில்லையா?

புருவத்திலிருந்து பிடுங்கிய ஒரு முடியைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களை அதனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் செய்த வேலை. மும்பையில் ஓர் ஆய்வகத்தின் மூலையில், நுண்ணோக்கிக்கு முன்னால் அமர்ந்து, தொட்டதும் புழு விலகினால் ஒன்று என்றும் அசையாமல் கிடந்தால் சுழி என்றும் குறித்துக்கொண்டே போவேன். ஒரு புழுவுக்குப் பத்துத் தொடுதல், ஒரு வகைக்கு முப்பது புழுக்கள், வாரத்துக்கு ஆறேழு வகைகள். இந்தக் கணக்கில் எட்டு மாதங்களை நான் இழந்தேன். எண்கள் சரியாகவே இருந்தன. அவை எதை அளந்தன என்பதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். தொடு உணர்வையோ தசையையோ ஆராயத் தொடங்கும் மாணவர் எவருக்கும் இதே இடத்தில் கால் இடறக்கூடும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சி. எலிகன்ஸ் என்ற இந்த உருளைப்புழு மண்ணிலும் அழுகும் பழங்களிலும் வாழ்வது. சிட்னி பிரென்னர் 1974இல் இதன் மரபியலை விரிவாக வெளியிட்ட பிறகு, உலகெங்கும் பல ஆய்வகங்களின் செல்லப் பிராணி ஆயிற்று. இருபாலுயிரியான முதிர்ந்த புழுவின் உடலில், இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்து, 959 செல்கள், அவற்றுள் 302 நரம்புச் செல்கள். உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். 20 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து மூன்றரை நாளுக்குள் முதிர்ந்துவிடும். அந்த 302 நரம்புச் செல்களில் மெல்லிய தொடுதலை உணர்வதற்கென்று இருப்பவை ஆறே ஆறு. உடலின் முன்பாதியைத் தொட்டால் புழு பின்னோக்கி நகரும், பின்பாதியைத் தொட்டால் முன்னோக்கி ஓடும். மார்ட்டின் சால்ஃபி, ஜான் சல்ஸ்டன் இருவரும் கேம்பிரிட்ஜில் இந்தத் தொடு நரம்புகளை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். மெல்லிய தொடுதலுக்கு விலகாமல், பிளாட்டினக் கம்பியால் குத்தினால் மட்டும் ஓடுகிற புழுக்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் பழுதான மரபணுக்களுக்கு ‘மெக்’ என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள். புருவ முடிக் கருவி அந்தக் காலத்திலிருந்தே வழக்கில் இருக்கிறது. இன்றுவரை அதைவிட எளிய கருவி வரவில்லை.

அந்த முடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்முறைக் குறிப்புகளில் ஒரே வரியில் முடிந்துபோகும் இந்தப் பொருளில்தான் பாதித் தொழில் இருக்கிறது. தலைமுடி உதவாது, ஏனென்றால் அதை வெட்டிய நுனி மழுங்கலாக இருக்கும். புருவ முடி நுனியை நோக்கிக் கூர்ந்துகொண்டே போவதால் புழுவின் மேல் படும்போது வளைந்துகொடுக்கும். அந்த வளைவே அழுத்தத்துக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. வேர்ப்பக்கத்தைக் குச்சியில் ஒட்டி, பசை முழுதும் உலர ஒரு நாள் விட்டு, எத்தனாலில் தோய்த்துத் துடைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பசையின் ஆவி மிச்சமிருந்தால் முடி படுவதற்கு முன்பே புழு திரும்பிவிடும். நான் முதலில் செய்த இரண்டு கருவிகளும் அப்படித்தான் கெட்டன. முடியை ஊசிபோல் மேலிருந்து குத்தக் கூடாது. உடலுக்குக் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வருடிச் செல்ல வேண்டும். முன்பாதியில் தொட வேண்டிய இடம் தொண்டைக் குமிழுக்குச் சற்றுப் பின்னால், பின்பாதியில் குதத்துக்குச் சற்று முன்னால். மூக்கு நுனியைத் தொட்டால் வேறு நரம்புகள் வேலை செய்யும். நடு உடலைத் தொட்டால் முன்னும் பின்னும் இருக்கிற நரம்புகள் ஒன்றோடொன்று போட்டியிட, விடை எதுவாகவும் இருக்கலாம். ஏற்கெனவே பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் புழுவை முன்பாதியில் தொட்டுவிட்டு ‘உணர்ந்தது’ என்று குறிக்கக் கூடாது. ஒரே புழுவை விடாமல் தொட்டால் அது பழகிப்போய் விலகாமல் இருந்துவிடும். ஆகையால் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றித் தொடுவதும், தொடுதல்களுக்கு நடுவே இடைவெளி விடுவதும் அவசியம்.

இனிப் புரதங்களுக்கு வருகிறேன். தொடு நரம்பின் நீண்ட இழை, புழுவின் தோலுக்குள் புதைந்து, வெளியுறைக்கு மிக அருகில் ஓடுகிறது. அந்த இழையின் சவ்வில் புள்ளி புள்ளியாக, மெக்-4, மெக்-10 என்ற புரதங்களால் ஆன அயனி வாயில்கள் இருக்கின்றன. மெக்-2, மெக்-6 என்ற வேறு இரண்டு புரதங்கள் அந்த வாயில்களுக்குத் துணை நிற்கின்றன. உடலைத் தொட்டதும் வாயில் திறந்து சோடியம் உள்ளே பாய, நரம்பு விழித்துக்கொள்கிறது. மெக்-4 இல்லாத புழுவைத் தொட்டால் அந்த மின்னோட்டமே எழுவதில்லை என்பதை 2005இல் உயிருள்ள புழுவின் தொடு நரம்பிலேயே அளந்து காட்டினார்கள். இழைக்குள் மெக்-7, மெக்-12 ஆகிய டியூபுலின்களால் ஆன நுண்குழல்கள் கட்டுக்கட்டாக நிற்கின்றன. புழுவின் மற்றச் செல்களில் ஒரு நுண்குழலின் சுவரில் பெரும்பாலும் 11 நுண்ணிழைகள் என்றால் இங்கே 15. இழைக்கு வெளியே, நரம்பையும் தோலையும் சேர்க்கிற இடத்தில், மெக்-1, மெக்-5, மெக்-9 என்ற வெளிப்புறப் புரதங்கள் இருக்கின்றன. மெக்-5 ஒரு கொலாஜன். நம் தசைநாணையும் குருத்தெலும்பையும் கட்டியிருப்பதும் இதே குடும்பத்துப் புரதங்கள்தான்.

என் பணி இந்த வெளிப்பகுதியைச் சார்ந்தது. செல்களுக்கு வெளியே இருந்து பற்றுதலுக்கு உதவும் ஏறத்தாழ நாற்பது புரதங்களை என் வழிகாட்டி பட்டியலிட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் குறைத்துப் பார்த்துத் தொடு உணர்வு குறைகிறதா என்று கண்டுபிடிக்கச் சொன்னார். குறைக்கும் வழி ஆர்என்ஏ குறுக்கீடு. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் இதே புழுவில் கண்டறிந்து, 2006இல் நோபல் பரிசு பெற்ற முறை அது. குறிப்பிட்ட மரபணுவின் ஈரிழை ஆர்என்ஏவை உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியாவைப் புழுவுக்கு உணவாகக் கொடுத்தால், அந்த மரபணுவின் புரதம் புழுவின் உடலில் குறைந்துவிடும். தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் புழுக்களை அதன்மேல் விட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். பட்டியலில் பல புரதங்களை முழுதாகக் குறைத்தால் புழு செத்துப்போகும் என்பதால், வெறும் பாக்டீரியாவைக் கலந்து நீர்க்கச் செய்த உணவையே கொடுத்தேன்.

பதினேழாவது மரபணு அன்க்-52. அது பெர்லிகன் என்ற பெரிய புரதத்தை உருவாக்குவது. அந்தப் புழுக்களை முதிர்ந்த முதல் நாளில் தொட்டபோது பத்துக்கு நான்குதான் விலகின. பக்கத்துத் தட்டிலிருந்த இயல்பான புழுக்கள் பத்துக்கு ஒன்பதரை என்ற சராசரியில் விலகிக்கொண்டிருந்தன. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதே விடை. புழுக்கள் கொஞ்சம் மந்தமாக இருப்பதைப் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் தலையை ஆட்டிக்கொண்டும் தின்றுகொண்டும் உயிர்ப்போடு இருந்ததால், நகரக்கூடிய புழு தொடுதலை உணராமல் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இதைத் தொடர்ந்து இன்னும் மூன்று மரபணுக்களும் இதே விடையைத் தந்தன. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினேன். தொடு உணர்வுக்கு வேண்டிய புதிய வெளிப்புறப் புரதங்களைக் கண்டுபிடித்துவிட்டதாக மனமார நம்பி எழுதிய சுருக்கம் அது.

ஆய்வகக் கூட்டத்தில் அந்த எண்களைக் காட்டினேன். முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது தமிழில் கேட்டார்: “தொட்டப்போ அது விழுங்குறது நின்னுச்சா, பார்த்தியா?”

நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வி எதற்கு என்பதுகூட உடனே விளங்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். புழு உணவின் மேல் இருக்கும்போது அதன் தொண்டை நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் சுருங்கி விரிந்து பாக்டீரியாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உடலை மெல்லத் தொட்டால், புழு விலகுவதோடு, தொண்டையின் இயக்கமும் சற்றுத் தடைப்படும். தொண்டைத் தசை தனி. உடற்சுவர்த் தசை தனி. ஆகவே உடல் அசையாவிட்டாலும் தொண்டை நின்றால், தொடுதல் நரம்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். “நீ எண்ணுறது தொடு உணர்வை இல்லப்பா. தொடு உணர்வு, நடுவுல இருக்கிற நரம்பு, தசை எல்லாம் சேர்ந்து போடுற ஒரே கையெழுத்தை எண்ணுற” என்றார். அன்று மாலையே நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். முடி பட்டதும் அன்க்-52 புழுவின் உடல் அப்படியே கிடந்தது. தொண்டை நின்று, பிறகு மீண்டும் இயங்கத் தொடங்கியது. பத்துப் புழுக்களில் ஒன்பதில் அப்படி நடந்தது. என் தொடுதல் ஒவ்வொன்றையும் அந்தப் புழுக்கள் உணர்ந்துகொண்டுதான் இருந்தன.

அவற்றால் ஏன் விலக முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ளப் புழுவின் தசை எப்படி நிலைபெற்றிருக்கிறது என்று அறிய வேண்டும். நம் தசைகள் நாண் வழியே எலும்பைப் பற்றுகின்றன. எலும்பு இல்லாத புழுவுக்கு வெளியுறைதான் எலும்பு. உடற்சுவரில் 95 தசைச் செல்கள் நான்கு நீண்ட பட்டைகளாகத் தலை முதல் வால் வரை ஓடுகின்றன. ஒவ்வொரு செல்லும் தன் நீளம் முழுதும், பக்கவாட்டில், தோலைப் பற்றியிருக்க வேண்டும். தசைக்குள் சுருங்கும் இழைகள் ‘அடர் உருக்கள்’ எனப்படும் முளைகளில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த முளையின் அடியில் பாட்-2, பாட்-3 என்ற இரு இன்டெக்ரின் புரதங்கள் சவ்வை ஊடுருவி நின்று வெளியே கைநீட்டுகின்றன. வெளியே அவற்றுக்கு ஆதாரமாக விரிந்திருக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வில்தான் பெர்லிகன் இருக்கிறது. அதைத் தாண்டினால் தோல் செல். அதற்குள் ஒரு புறத்திலிருந்து மறுபுறம்வரை நார்க்கட்டுகள் நின்று, அடித்தளச் சவ்வையும் வெளியுறையையும் இணைக்கின்றன. தசையின் இழுவை இத்தனை கைகள் மாறித்தான் வெளியுறைக்குப் போய்ச் சேர்ந்து உடலை வளைக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி இற்றுப்போனால் தசை சுருங்கும், ஆனால் உடல் வளையாது.

பெர்லிகனோ இன்டெக்ரினோ அறவே இல்லாத கரு, முட்டைக்குள் இரண்டு மடிப்பு அளவுக்கு நீண்டதும் வளர்ச்சி நின்று செயலிழக்கிறது. 1994இல் இத்தகைய கருக்களை ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்டபோது, அந்த நிலையின் பெயரையே மரபணுக்களுக்குச் சூட்டினார்கள். ‘பாட்’ என்பது அதன் சுருக்கம். பெர்லிகன் ஓரளவு பழுதான அன்க்-52 புழுக்களின் கதை வேறு. அவை பிறந்து, இளமையில் நன்றாகவே நெளிந்து திரிந்து, வளர வளரத் தசைக் கட்டு குலைந்து, முதிரும்போது தலையை மட்டும் ஆட்டக்கூடிய நிலைக்கு வந்துவிடும். தலை ஆடுவதைப் பார்த்து ‘நகரக்கூடிய புழு’ என்று நான் நினைத்தது இந்த இடத்தில்தான். பிரென்னர் காலத்திலிருந்தே அறியப்பட்ட இந்த நடத்தையை நான் படித்தும் இருந்தேன். தேர்வுக்குப் படித்ததை நுண்ணோக்கியில் அடையாளம் காணத் தெரியவில்லை.

இன்னொரு தடயமும் தொடக்கத்திலிருந்தே கண்முன்னால் இருந்தது. உணவு வழியே கொடுக்கும் ஆர்என்ஏ குறுக்கீடு, இயல்பான புழுவின் நரம்புச் செல்களில் சரியாக வேலை செய்வதில்லை. தசையிலும் தோலிலும் குடலிலும் நன்றாக வேலை செய்யும். இந்தக் குறையைத் தாண்டுவதற்காகவே, ஈரிழை ஆர்என்ஏவை உள்ளே விடும் சிட்-1 புரதத்தை நரம்புகளில் மிகுதியாக வைத்த புழு வகையைச் சால்ஃபியின் ஆய்வகம் 2010இல் உருவாக்கி வெளியிட்டது. நானோ இயல்பான புழுவைத்தான் பயன்படுத்தினேன். அப்படியிருந்தும் எண்கள் சரிந்தன என்றால், பழுது நரம்புக்கு வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளிப்புறப் புரதங்களைத்தானே தேடுகிறோம் என்ற எண்ணத்தில், அந்த ‘வெளியே’ என்பது தசையாகவும் இருக்கலாம் என்பதை விட்டுவிட்டேன்.

அதன்பிறகு பட்டியலில் இருந்த ஒவ்வொரு மரபணுவையும் நான்கு வழிகளில் சோதித்தேன். இன்று யார் கேட்டாலும் இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே செய்யச் சொல்கிறேன். தொண்டை இயக்கத்தைப் பார்ப்பது ஒன்று. பிளாட்டினக் கம்பியால் அழுத்தித் தொடுவது இன்னொன்று: வன்மையான தொடுதலை வேறு நரம்புகள் உணர்வதால், மெக்-4 பழுதான புழு முடிக்கு அசையாவிட்டாலும் கம்பிக்குச் சட்டென்று ஓடிவிடும், தசை பிடிப்பிழந்த புழு இரண்டுக்கும் அசையாது. மூன்றாவதாக, புழுவை ஒரு துளி உப்புக் கரைசலில் விட்டு அரை நிமிடத்தில் எத்தனை முறை உடலை வளைத்து நீந்துகிறது என்று எண்ணுவது. தொடுதலே இல்லாத இந்த அளவு தசையின் நிலையைத் தனியாகச் சொல்லிவிடும். நான்காவதை நான் மிகவும் நம்புகிறேன்: வயது. தொடு நரம்புகள் ஆறில் நான்கு, முட்டையிலிருந்து வெளிவரும்போதே வேலைக்குத் தயாராக இருக்கின்றன. தசைப் பிடிப்போ வளர வளரத்தான் குலைகிறது. அதே அன்க்-52 புழுக்களை முதிர்வதற்கு முன்பே, மூன்றாம் இளம்பருவத்தில் தொட்டுப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது முறை விலகின. கடைசியில், முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியின் கீழ், இயல்பான புழுவின் தசையில் பளிச்சென்று தெரிகிற வரிசைக் கோடுகள் முதிர்ந்த அன்க்-52 புழுவில் கலைந்து கிடந்ததைப் பார்த்தபோது ஐயம் எதுவும் மிஞ்சவில்லை.

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வழிகாட்டியின் அறைக்குப் போய்ச் சொன்னபோது கை நடுங்கியது உண்மை. அவர் கோபப்படவில்லை. குறிப்பேட்டை வாங்கி, எண்களின் பத்திக்கு ‘தொடு உணர்வு’ என்று நான் இட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டு ‘தொடுதலுக்கு விலகல்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்று முதல் நான் பார்த்ததன் பெயரைத்தான் பத்தியின் தலைப்பாக எழுதுகிறேன்; அதற்கு நான் தரும் விளக்கத்தை வேறு பக்கத்தில் எழுதுகிறேன்.

நாற்பதில் எஞ்சியவற்றைச் சோதிக்கும்போது, ஒப்பீட்டுக்காக மெக்-1 பழுதான புழுக்களை மின்னசோட்டாவிலுள்ள புழு வங்கியிலிருந்து வரவழைத்தோம். தொடு நரம்புகள் மட்டும் பச்சையாக ஒளிரும் புழுக்களோடு அவற்றைக் கலப்பினம் செய்து வளர்த்தேன். புழுவில் பச்சை ஒளிர் புரதம் முதன்முதலில் ஒளிர்ந்ததே தொடு நரம்புகளில்தான். மெக்-7 மரபணுவின் தொடக்கப் பகுதியைப் பயன்படுத்திச் சால்ஃபி 1994இல் செய்து காட்டிய அந்த வேலைக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இயல்பான புழுவில் அந்தப் பச்சை இழை தோலுக்குள் புதைந்து நேராக ஓடும். மெக்-1 புழுவில் அது இடம் பெயர்ந்து தசைப் பட்டையை ஒட்டிக் கிடந்தது. நீந்தச் சொன்னால் நன்றாக நீந்துகிறது, கம்பியால் தொட்டால் ஓடுகிறது, முடியால் தொட்டால் தொண்டைகூட நிற்பதில்லை. உணராத புழு எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

இழை பிடிப்பிழந்ததால்தான் உணர்வு போயிற்று என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் மெக்-1 புரதம் இரண்டு வேலைகளைத் தனித்தனியே செய்கிறது என்பதைச் சால்ஃபியின் ஆய்வகம் 2004இலேயே காட்டியிருந்தது: நரம்பைத் தோலோடு பிணைப்பது ஒன்று, அயனி வாயில்கள் இழை நெடுகப் புள்ளிகளாக ஒழுங்குபட அமையச் செய்து தொடு உணர்வுக்கு உதவுவது மற்றொன்று. ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டே தீர வேண்டும் என்பதில்லை. முன்பு தசையையும் உணர்வையும் குழப்பிக்கொண்டதைப் போல இப்போது பிடிப்பையும் உணர்வையும் குழப்பிக்கொள்ள இருந்தேன்.

தசையின் பிடிப்பும் நரம்பின் பிடிப்பும் ஒரே புழுவில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பதை இந்த அலைச்சலில்தான் உணர்ந்தேன். ஹிம்-4 மரபணு உருவாக்கும் ஹெமிசென்டின் என்ற புரதம் தொடு நரம்பைத் தோலோடு சேர்த்துப் பிடிக்க உதவுகிறது. அதைச் சுரப்பவற்றுள் முதன்மையானவை உடற்சுவர்த் தசைகள். நரம்பு தோலைப் பற்றிக்கொள்ள வேண்டிய பசையைத் தசை கொடுக்கிறது. மயோடாக்டின் என்ற இன்னொரு புரதம், தசைக்கு நேர் கீழே தோல் செல்லில் நின்று தசையின் இழுவையைத் தாங்குகிறது. அதே புரதம் தொடு நரம்பு ஓடுகிற பாதையிலும் நின்று, புழு நெளியும்போது நரம்பிழை அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்கிறது. இழைக்கு உள்ளே இருக்கிற ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் இல்லாவிட்டால், புழு நெளிகிற விசையே அதன் நரம்புகளை உடைத்துவிடும் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அசையவே முடியாதபடி செய்யப்பட்ட புழுக்களில் அந்த நரம்புகள் உடையவில்லை. இதில் நடைமுறைக்கு ஒரு செய்தி உண்டு. நரம்பு அறுந்திருப்பதைப் பார்த்ததும் அந்த மரபணு நரம்புக்கு நேரடியாக வேண்டியது என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் புழு எவ்வளவு நெளிகிறது என்பதையும் அளந்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அதே ஆண்டில் மழைக்காலத்தில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தத் தட்டில் எந்தப் புழு என்று தெரிந்துகொண்டே நான் எண்ணி வந்தேன். ஒரு வாரம் அக்கா என் தட்டுகளின் பெயர்களை மறைத்து வெறும் எண்களை ஒட்டிக் கொடுத்தார். மெக்-4 புழுக்களும் இயல்பான புழுக்களும் முன்போலவே பிரிந்து நின்றன; ஆனால் நடுவில் இருந்த வகைகளில், பத்துக்கு ஆறு என்று நான் எழுதிவந்த இரண்டு, பத்துக்கு எட்டுக்கு மேல் போய்விட்டன. நான் பொய் எழுதவில்லை. புழு அரை உடல் அசைந்து நின்றபோது, பெயர் தெரிந்த தட்டில் அதைச் சுழி என்றும், தெரியாத தட்டில் ஒன்று என்றும் என் கை எழுதியிருக்கிறது. அதிலிருந்து மறைக்காத தட்டை நான் எண்ணுவதில்லை. ஒவ்வொரு நாளும் மெக்-4 புழுவும் இயல்பான புழுவும் மறைத்த தட்டுகளுக்கு நடுவே கலந்திருக்கும். அவற்றின் எண்கள் வழக்கமான இடத்தில் வராத நாளில் அன்றைய கணக்கு முழுவதையும் விட்டுவிடுவேன். மும்பையின் மழை நாட்களில் தட்டின் மேல் நீர்ப்படலம் தேங்கி, புழுக்கள் அதில் வழுக்கும்போது அப்படி நேரும். தட்டை ஊற்றி இரண்டு நாள் உலர்த்தி, பாக்டீரியாவை மெல்லிய படலமாகப் பரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மனிதர்களில் இதே கேள்வி எழுந்த ஒரு நிகழ்வை 2016இல் வெளியான கட்டுரையில் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். நம் உடலில் மெல்லிய தொடுதலை உணர்த்தும் முதன்மையான வாயில் பீசோ2 என்ற புரதம். ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வகம் 2010இல் கண்டறிந்து, அவருக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த புரதங்களில் ஒன்று. அது பிறவியிலேயே வேலை செய்யாத இரண்டு இளையவர்களை அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் ஆராய்ந்தார்கள். தடுமாறும் நடை, வளைந்த முதுகெலும்பு, மடங்கிய விரல்கள் என்று வெளியே தெரிந்தவை எல்லாம் தசை நோயைப் போலவே இருந்தன. உண்மையில் தங்கள் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வே அவர்களுக்கு இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டு நடக்க முடிந்தவர்கள், கண்ணைக் கட்டியதும் நிற்கவே தடுமாறினார்கள். என் புழுக்களின் தசைக் குறையை உணர்வுக் குறை என்று நான் தவறாக எடுத்துக்கொண்டேன். இங்கே உணர்வுக் குறை தசை நோயின் உருவத்தில் வந்து நின்றது. கண்ணைக் கட்டிப் பார்ப்பது என்ற எளிய சோதனை அங்கே செய்ததும், தொண்டையைப் பார்ப்பது என்ற எளிய சோதனை என் புழுக்களில் செய்ததும் ஒரே வேலையைத்தான்.

நாற்பது மரபணுக்களில் கடைசியாக நின்றவை மூன்று. அவற்றுள் ஒன்றைக் குறைத்தால் தொண்டை நிற்பதும் விலகுவதும் சேர்ந்தே குறைகின்றன, நீச்சல் குறைவதில்லை. இளம் புழுவிலும் அப்படியே இருக்கிறது. அதன்மேல்தான் என் ஆய்வேடு நிற்கிறது. அன்க்-52 பற்றிய எட்டு மாத எண்களையும் விடாமல் அதில் ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன், ‘தொடுதலுக்கு விலகல்’ என்ற தலைப்பில். சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், பட்டியலில் தன் முதல் மரபணுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, பத்துக்கு மூணுதான் வருது” என்று ஓடி வந்தான். நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டி, தொண்டை தெரியும்படி வைத்து, புருவ முடியை அவன் கையிலேயே கொடுத்தேன்.